நடுக்கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது

அன்புள்ள மேடம்,

எனக்கு 27 வயசு. சொந்த ஊர் கோபி பக்கம், திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். என் பிரச்சினை ஒரு போர்வை. சிரிக்காமல் படியுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருக்கும் தோழிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஹைதராபாத்தில் வேலை, அதனால் கல்யாணம் முடிந்ததும் அங்கே போய்விடுவாள். மற்ற தோழிகள் பணம் போட்டு வாஷிங் மெஷின் வாங்குகிறார்கள். நான் மட்டும் அதில் சேராமல், துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து என் கையால் ஒரு குயில்ட் போர்வை தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அகலத்தில் 5, நீளத்தில் 7 என்று மொத்தம் 35 கட்டம், ஒவ்வொன்றும் 12 அங்குலம். பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை, ஹாஸ்டலில் மாற்றி மாற்றிப் போட்ட துப்பட்டாக்கள், இரண்டு பேரும் ஒரே கட்டிலில் விரித்துப் படுத்த சென்னிமலை பெட்ஷீட், சாம்பிள் ரூமில் மிஞ்சிய பிட் துணி எல்லாம் அதில் இருக்கிறது. பனியன் துணி இழுத்துக்கொண்டு கட்டம் கோணலாகப் போனதால், அடியில் ஃபியூசிங் (இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) ஒட்டித் தைக்க வேண்டியதாகிவிட்டது, அதற்கே இரண்டு வாரம் போனது.

34 கட்டம் முடிந்தது, நடுக்கட்டம்தான் பாக்கி. அதற்கென்று அவள் அம்மாவின் நெகமம் காட்டன் சேலை ஒன்று என்னிடம் இருக்கிறது. அவர்கள் தவறி மூன்று வருஷம் ஆகிறது. ஹாஸ்டலுக்கு வரும்போதெல்லாம் மகளுக்கு ஒரு தூக்குப்போசியில் கச்சாயம் கொண்டு வந்தால், எனக்கும் தனியாக ஒரு தூக்குப்போசி வரும். அப்படிப்பட்டவர்கள். அவளுக்குத் தெரியாமல் அவள் சித்தியிடம் கேட்டு அந்தச் சேலையை வாங்கி வந்தேன். மேடையில் பிரித்துப் பார்த்ததும் அவள் அப்படியே அழுதுவிட வேண்டும் என்று ஆசை.

குயில்ட் தைக்கிறவர்கள் துணியை முதலில் அலசிக் காயவைத்துத்தான் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பிறகு துவைக்கும்போது ஒன்று சுருங்கி ஒன்று சுருங்காமல் போர்வை முழுக்கச் சுருக்கம் விழும். எல்லாத் துணியையும் அலசினேன். இந்தச் சேலையை மட்டும் அலச முடியவில்லை. மடிப்பைப் பிரித்தால் அந்துருண்டை வாசத்துக்கு அடியில் அவர்கள் போடும் பவுடர் வாசம் லேசாக வருகிறது. மூன்று ராத்திரி கத்தரிக்கோலை எடுத்து எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

இதில் எங்கம்மா வேறு. "ஏங்கண்ணு, கண்ணாலத்துக்கு ஆராச்சும் கந்தத்துணிய ஒட்டுப்போட்டுக் குடுப்பாங்களா? அதுலயும் போய்ச்சேந்தவிய சீலை" என்று ஒரே புலம்பல். தோழியும் முன்னைப்போல் இல்லை. மூன்று வாரமாக ஒழுங்கான பேச்சே கிடையாது. போன் பண்ணினால் பிளவுஸ், மேக்கப், பத்திரிகை என்று ஓடிவிடுகிறாள். இவளுக்காக எதற்கு இவ்வளவு என்று கோபம் வருகிறது, தைத்ததைப் பிரித்துக்கூடப் போட்டேன், மறுநாள் உட்கார்ந்து மறுபடி தைத்தேன். எனக்கு என்ன ஆச்சு?

இப்படிக்கு,
திருப்பூர் வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

சிரிக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் போய் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினேன், எனக்குத் தையல் சுத்தமாகத் தெரியாது. அவர் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கத்தரிக்கோல். மூன்று ராத்திரி வெட்ட முடியாமல் போனதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, உங்கள் கைக்கு ஒரு விஷயம் முதலில் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சேலை உங்களுடையது இல்லை. சித்தியுடையதும் இல்லை. கேட்டவர் நீங்கள், கொடுத்தவர் சித்தி, யாருக்குச் சேர வேண்டுமோ அவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட் 1953-ல் வெளியான ஒரு கட்டுரையில், சின்னப் பிள்ளைகள் விடாமல் பிடித்துக்கொண்டு திரியும் போர்வை, துணி, பொம்மை பற்றி எழுதியிருக்கிறார். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தை அந்தத் துணியை வைத்துத்தான் பிள்ளை கடக்கிறது. அது அழுக்கானாலும் நாற்றமடித்தாலும் தாய் துவைக்காமல் விட்டுவிடுவாள், துவைத்தால் ஏதோ ஒன்று அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும் என்கிறார். அதில் ஏதாவது மாற்றம் வருவதென்றால் அதைப் பிள்ளைதான் செய்ய வேண்டும், வேறு யாரும் செய்யக் கூடாது என்றும் சொல்கிறார். அவர் பேசியது கைக்குழந்தைகளைப் பற்றி, நம் தோழிக்கோ 27 வயது இருக்கும். ஆனாலும் அந்துருண்டைக்கு அடியில் வரும் பவுடர் வாசத்தை நீங்களே அலச முடியாமல் நின்றீர்களே, பெற்ற மகளுக்கு அது எப்படி இருக்கும்?

இதையும் யோசியுங்கள். அம்மா இல்லாத பெண்ணுக்குக் கல்யாணத்தில் ஒவ்வொரு சீரும் ஒரு சோதனை. அம்மா நிற்க வேண்டிய இடத்தில் சித்தியோ அத்தையோ நிற்பார்கள், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதையெல்லாம் தாண்டி வந்து மேடையில் நிற்பாள், கீழே ஐநூறு பேர், வீடியோக்காரர் லைட் முகத்திலேயே அடிக்கும். அந்த நேரத்தில் அம்மாவின் சேலையை, அதுவும் வெட்டித் தைத்த சேலையை, அவள் கையில் கொடுக்கப் பார்க்கிறீர்கள். அழுவாள், சந்தேகமே இல்லை. சந்தோஷத்தில்தான் அழுவாள் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

அவள் அழ வேண்டும் என்ற அந்த ஆசையை உங்கள் கடிதத்திலேயே இரண்டு முறை திரும்பிப் போய்ப் படித்தேன். மூன்று வாரமாக அவள் பேசவில்லை. பதினைந்து வருஷத்து நட்புக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்குச் சாட்சியாக அவள் கண்ணீரை எதிர்பார்க்கிறீர்கள். நம் ஊரில் மொய் எழுதி வைக்கிறோமே, யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்வோம், நீங்களும் மனதுக்குள் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறீர்கள். அதில் தப்பில்லை, எல்லோரும் வைத்திருப்பதுதான். ஆனால் அவளுக்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாது. தைத்ததை ராத்திரி பிரித்துப் போட்டது அவள் மேல் வந்த கோபம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. போர்வை முடிந்தால் கல்யாணம், கல்யாணம் முடிந்தால் ஹைதராபாத். முடியாமல் இருக்கும்வரை அவள் இங்கேதான் இருக்கிறாள்.

அவள் போகப்போவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று அவளிடம் ஒரு தடவையாவது சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கோபம்தான் இருக்கிறது.

உங்கள் அம்மாவையும் கொஞ்சம் பார்ப்போம். பழைய துணி என்றால் ஆகாது என்பதை நான் ஏற்கவில்லை. பாட்டியின் நைந்த நூல் சேலையில் தூளி கட்டித்தான் இங்கே பாதிப் பேர் வளர்ந்தோம், வங்காளத்தில் காந்தா என்று பழைய சேலையையும் வேட்டியையும் அடுக்கி நூலோட்டித்தான் போர்வையே செய்கிறார்கள். ஆனால் மண்டபத்தில் நாலு பேர் முணுமுணுப்பார்கள் என்று அம்மா சொல்வது உண்மைதான், அந்த முணுமுணுப்பு உங்கள் காதில் விழாது, மணப்பெண் காதில்தான் விழும். அதனால் போர்வையை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். மறுவீட்டுக்கு அவள் வரும்போது வீட்டில் வைத்துக் கொடுங்கள், கூட்டமில்லாத ஒரு மத்தியான நேரமாகப் பார்த்து. அம்மாவுடன் இதற்காகச் சண்டை போடவும் தேவையிருக்காது.

சேலையைப் பற்றி இந்த வாரமே அவளிடம் பேசிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பாதீர்கள். போன் போதும், நேரில் என்றால் இன்னும் நல்லது. "உங்கம்மா சேலை ஒண்ணு எங்கிட்ட இருக்கு, சித்திகிட்ட நான்தான் கேட்டு வாங்கினேன். வெட்டலை, அலசவும் இல்லை. ஒரு போர்வை தைக்கிறேன், நீ சரின்னா அதுல ஒரு கட்டம் வைக்கிறேன், வேண்டாம்னா அப்படியே கொண்டுவந்து குடுத்துடறேன்." இவ்வளவுதான். சர்ப்ரைஸ் போய்விடுமே என்று தோன்றும், போகட்டும். என்னிடம் கேட்காமல் ஏன் வாங்கினாய் என்று அவள் சத்தம் போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், அவள் கேட்பது நியாயம்தான்.

அவள் சரி என்று சொன்னால், டெய்லர் அக்கா சொன்னது இது. முந்தியில் கை வைக்காதீர்கள். இடுப்பில் சொருகும் உள்தலைப்பிலிருந்து, இரண்டு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, பன்னிரண்டரை அங்குலம் மட்டும் எடுங்கள். ஐந்தரை மீட்டர் சேலை என்றால் ஐந்து மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும், மகள் அதைத் தாராளமாகக் கட்டலாம், வெட்டிய இடம் கொசுவத்துக்குள் போய்விடும். அந்தத் துண்டை மட்டும் தனியாகத் தண்ணீரில் அலசினால் போதும், முழுச் சேலையும் நனைய வேண்டியதில்லை. பழைய நூல் துணி என்பதால் அடியில் மெல்லிய ஃபியூசிங் கொடுங்கள், அது உங்களுக்கே தெரியும்.

வேண்டாம் என்று சொன்னால் நடுக்கட்டத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1840-களில் ஒரு பழக்கம் பரவியிருந்தது, மேற்கே குடிபெயர்ந்து போகிறவர்களுக்குச் சொந்தக்காரர்களும் சிநேகிதிகளும் ஆளுக்கொரு கட்டம் தைத்து, அதில் மையால் தங்கள் பெயரை எழுதி, எல்லாம் சேர்த்து ஒரே போர்வையாகக் கொடுத்து அனுப்புவார்கள். உங்கள் நடுக்கட்டத்துக்கு ஒரு வெள்ளைக் காடாத்துணி வையுங்கள். வாஷிங் மெஷின் வாங்கும் அந்தத் தோழிகளைக் கூப்பிட்டு அதில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், சாயம் போகாத துணி மார்க்கர் கடையில் கிடைக்கும். 34 கட்டத்தையும் தனியாக உட்கார்ந்து தைத்துவிட்டீர்கள். ஒன்றிலாவது மற்றவர்கள் கை படட்டும். உங்கள் பெயரையும் அதில் எழுதுங்கள், ஓரத்தில் சின்னதாக வேண்டாம், மற்றவர்கள் எழுதுகிற அளவுக்கே எழுதுங்கள்.

சேலையை அதுவரை பிளாஸ்டிக் கவரில் மூடி வைக்காதீர்கள், பழைய வேட்டி ஏதாவது இருந்தால் அதில் சுற்றி வையுங்கள். இதுவும் அக்கா சொன்னதுதான்.