வயலுக்குப் போகிற வேலையா, போட்டோ எடுக்கிற வேலையா?

(சேலம் மாவட்டத்தில் உதவித் தோட்டக்கலை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான் இல்லை, பெற்றவள்! போன இதழில் அச்சுப் பிழை. 'ஐயா' என்று தொடங்கிய கடிதங்களுக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.)

விவசாய டிப்ளமோ முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். உதவி வேளாண்மை அலுவலர் ஆக ஆசை. அப்பா, 'வெயிலில் சுற்றுகிற வேலை பெண் பிள்ளைக்கு எதற்கு, டீச்சருக்குப் படி' என்கிறார். நிஜமாக நாள் முழுக்க அந்த வேலையில் என்னதான் செய்வார்கள்?
— வாசகி, ஓமலூர்

கண்ணு, வெயில் விஷயத்தில் அப்பா சொல்வது சரி. மறைக்க மாட்டேன். பங்குனி, சித்திரையில் வாழப்பாடிப் பக்கம் வண்டி ஓட்டினால் ஹேண்டில் பிடியே சுடும். ஆனால் வெயிலைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது, அதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள்: வயல்வெளியில் கழிப்பறை கிடையாது. எந்த ஊரில் எந்த வீட்டுக்குள் போய் உரிமையாக 'அக்கா, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்' என்று கேட்கலாம் என்பதை முதல் மாதத்திலேயே கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் எனக்கு ஊர்ச் செய்தி முழுக்க அந்த வீடுகளில் இருந்துதான் வந்தது. எந்தத் தோட்டத்தில் தக்காளி இலை சுருட்டுகிறது, யார் வீட்டு போர்வெல் வற்றிவிட்டது, மானியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு யார் இன்னும் காத்திருக்கிறார் எல்லாம் அங்கேதான் தெரியும்.

வேலை என்னவென்று கேட்டால், பாதி காகிதம், பாதி மண். சொட்டு நீர் மானியத்தை எடுத்துக்கொள். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். கேட்க இரண்டே வரி. ஆனால் சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று, நில வரைபடம், ஆதார் எல்லாம் ஒரே பெயரில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பட்டா தாத்தா பேரில், ஆதாரில் பேரன் இனிஷியல் வேறு என்று வந்து நிற்பார்கள். அதைச் சரி செய்ய எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவதும் உன் வேலைதான், எந்த உத்தரவிலும் எழுதியிருக்காவிட்டாலும். போதாததற்கு எதைச் செய்தாலும் இடத்தோடு போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். சில நாள் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது, இன்றைக்குப் பயிரைப் பார்த்தோமா, போனைத்தான் பார்த்தோமா என்று இருக்கும்.

1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது இந்த வேலைக்கு கிராம சேவக் என்று பெயர். அதே ஆள்தான் விதையும் சொல்வார், குடிதண்ணீர்க் கிணறும் பார்ப்பார். எண்பதுகளில் 'டி அண்ட் வி' (பயிற்சியும் வயல் பார்வையும்) என்ற முறை வந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, இந்தக் கிழமை இந்த ஊர் என்று அட்டவணை இருக்கும். அந்தக் கிழமைக்கு விவசாயி வேப்பமரத்தடியில் காத்திருப்பார் என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த அட்டவணை மேல் இன்றைக்கும் ஒரு பொறாமை.

அப்பாவிடம் சொல்: டீச்சர் வேலையும் இதுதான், வகுப்புக்குக் கூரை மட்டும் கிடையாது.

'அட்மா' (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் ஒப்பந்தத்தில் உதவித் தொழில்நுட்ப மேலாளராக இருக்கிறேன். பதவிப் பெயரைச் சுருக்கி எல்லாரும் 'ஏடிஎம்' என்கிறார்கள், 'பணம் வருமா சார்' என்று கிண்டல் வேறு. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நேராக மருந்துக் கடைக்குப் போய் அவர் கொடுப்பதை வாங்கி அடிக்கிறார்கள். எதற்கு அலைய வேண்டும்?
— வாசகர், ஆத்தூர்

தம்பி, கடைக்காரர் மேல் கோபப்படாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கும் கடை திறந்திருக்கும், கடன் கொடுக்கிறார், 'பொண்ணு கல்யாணம் எப்போ' என்று கேட்கிறார். நாம் எத்தனை மணிக்கு ஆபீஸைப் பூட்டுகிறோம்?

உங்கள் பக்கத்துக் கதையே சொல்கிறேன். குச்சிக்கிழங்கில் (மரவள்ளி என்று எழுதினால்தான் ஆபீசில் புரியும்) புது மாவுப்பூச்சி 2020-இல் இந்தியாவுக்குள் வந்தது. அது வந்த தோட்டத்தைத் தூரத்தில் நின்றே சொல்லலாம். செடியின் நுனி வளராமல் குறுகி, இலையெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி ஒன்றாகக் கொத்தி நிற்கும், பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு. ஒருவர் நான்கு தடவை மருந்து அடித்திருந்தார், நான்கும் வேறு வேறு டப்பா, டப்பாக்களை வேலியோரம் வரிசையாக வைத்திருந்தார், சாட்சி மாதிரி. பூச்சி அந்தச் சுருண்ட இலைக்குள் உட்கார்ந்திருக்கிறது, மேலே மெழுகுப் பூச்சு வேறு, மருந்து எங்கே போய்ப் படும்?

இதே பூச்சி எழுபது, எண்பதுகளில் ஆப்பிரிக்காவில் கிழங்கையே அழித்துக்கொண்டிருந்தது. அங்கே அதை அடக்கியது கடுகைவிடச் சின்ன ஒரு குளவி, அனாகைரஸ் லோபெசி என்று பெயர். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். அந்தக் குளவியைப் பெனின் நாட்டில் இருந்து வரவழைத்து, பெங்களூரில் வளர்த்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதலில் வயலில் விட்டார்கள். உங்கள் ஆபீசில் இருந்து எவ்வளவு தூரம்?

இதை அந்த நான்கு டப்பாக்காரரிடம் வாயால் சொன்னேன், சிரித்தார். 'பூச்சிக்கு மருந்து கேட்டா இன்னொரு பூச்சிய விடச் சொல்றீங்களே அம்மிணி.' நியாயம்தானே? குளவி விட்டிருந்த ஒரு தோட்டத்துக்கு அவரையே வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். ஒரு நுனியைக் கிள்ளி, லென்ஸைக் கையில் கொடுத்தேன். செத்துக் காய்ந்த மாவுப்பூச்சிகள், பழுப்பாக, ஒவ்வொன்றிலும் குளவி வெளியே வந்த ஓட்டை. ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்ட கேள்விதான் முக்கியம்: 'நான் இப்ப மருந்து அடிச்சா இதும் செத்துருமா?' செத்துவிடும் என்றேன். ஐந்தாவது டப்பாவை அவர் வாங்கவில்லை.

நீங்களும் ஒரு லென்ஸ் வாங்குங்கள், பெரிய விலை இல்லை. கூட்டம் போட்டு நோட்டீஸ் கொடுப்பதைக் குறைத்து, ஒருவரை இன்னொருவர் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். இன்னொன்று, அந்தக் கடைக்காரரிடமும் போய் டீ குடியுங்கள். பூச்சி தாக்கிய தோட்டத்தில் இருந்து நடவுக்குக் குச்சி எடுக்கக் கூடாது என்பதை அவர் ஒரு தடவை சொன்னால் நீங்கள் பத்துத் தடவை சொன்னதற்குச் சமம். நான் அப்படிச் சொல்ல வைத்திருக்கிறேன்.

மண் பரிசோதனைக்கு மண் எடுத்துக் கொடுத்தேன். வந்த அட்டையைப் பார்த்தால் பக்கத்துக் காட்டுக்காரருடையதற்கும் என்னுடையதற்கும் சம்பந்தமே இல்லை. எது சரி?
— வாசகர், காடையாம்பட்டி

எங்கே எடுத்தீர்கள் என்று முதலில் யோசியுங்கள். வரப்போரம், எருக்குழி பக்கம், மரநிழல், உரம் போட்ட சூட்டோடு எடுத்தது எல்லாம் உதவாது. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 'வி' மாதிரி குழி வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுங்கள். நெல், ராகிக்கு 15 சென்டிமீட்டர் ஆழம், கிழங்குக்கு 22. அப்படிப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். யூரியா சாக்கில் மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். சிரிக்காதீர்கள், நிறையப் பேர் அதில்தான் கொண்டுவருவார்கள்.

ஏற்காட்டில் ஒன்றரை ஏக்கர் காபி, நடுவில் மிளகுக் கொடி. ஒரு ஆபீசர் வந்து நிழல் அதிகம், மரத்தைக் கழி என்றார். கழித்தோம். இப்போது செடி மஞ்சளாகி வாடுகிறது. அவர் அப்புறம் வரவே இல்லை. இவர்களை இனி நம்புவதா?
— வாசகர், நாகலூர் பக்கம்

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். ஏனென்றால் அந்த ஆபீசர் வேறு யாராக இருந்தாலும், அதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

மலைக்கு மாற்றலாகி வந்த இரண்டாவது வருஷம். காபி என் துறை இல்லை, அதற்குக் காபி வாரியம் இருக்கிறது. நான் மிளகு பார்க்கப் போனவள். ஆனால் கேட்டால் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற வயசு. ஒரு பெரியவரிடம், வெளிச்சமே இல்லையே, சில்வர் ஓக்கையும் பலாவையும் நன்றாகக் கழித்து விடுங்கள் என்றேன். கோடையில் கழித்தார், என் வார்த்தையை நம்பித் தாராளமாகவே கழித்தார். அடுத்த வருஷம் செடிகள் வாட ஆரம்பித்தன. எனக்குச் செய்தி வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு மாதம் அந்தப் பாதையை விட்டு வேறு பாதையில் போய் வந்தேன்.

கடைசியில் அவரே ஆபீசுக்கு வந்தார், வெட்டிய காபித் தண்டு ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு. மேசை மேல் வைத்துக் கொடுவாளால் பிளந்தார். உள்ளே முறுக்கு முறுக்காகப் பாதை, மரத்தூள் இறுக அடைத்திருந்தது, அதன் முடிவில் வெள்ளைப் புழு. திட்டவில்லை. 'இது என்னனு பாரும்மா' என்றார், அவ்வளவுதான்.

அது வெள்ளைத் தண்டுத் துளைப்பான். பெரும்பாலும் அரபிகா காபியில்தான் வரும். தாய் வண்டுக்கு வெயில் படும் தண்டுதான் பிடிக்கும், பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். நிழலைத் திறந்துவிட்டு நான்தான் அதற்கு வழி காட்டியிருக்கிறேன். மறுநாளே காபி வாரியத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். செடி செடியாகத் தண்டைத் தடவிப் பார்த்தோம், புழு போன இடத்தில் பட்டை வரி வரியாக மேடு தட்டியிருக்கும். அந்தச் செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தோம். பெரியவரின் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, கருப்பட்டிக் காபி மட்டும் கொடுத்தார். அந்தக் காபியைக் குடிப்பதுதான் அன்றைக்கு எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உங்கள் தோட்டத்தில் இதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல மாட்டேன், வேர் அழுகலாகவும் இருக்கலாம். வாடிய ஒரு செடியின் தண்டைத் தடவிப் பாருங்கள், மேடு இருந்தால் பிளந்து பாருங்கள். புழு இருந்தால் மீதிச் செடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வண்டு வெளியே பறப்பது ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை. அதனால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் தேடிப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், தள்ளிப் போட்டால் வண்டு பறந்துவிடும். நிழல் போன இடத்தில் மரக்கன்று வையுங்கள்.

அந்த ஆபீசரிடமும் போங்கள், விடாதீர்கள். போன் செய்ய வேண்டாம், தண்டை எடுத்துக்கொண்டே போங்கள். இறுகக் கட்டி எடுத்துப் போங்கள், எங்கள் பெரியவர் கொண்டுவந்த அன்றைக்குத் தூளெல்லாம் பஸ்ஸில் கொட்டி கண்டக்டரிடம் பேச்சு வாங்கினாராம்.