வீட்டுப் பக்கத்துல பேக்டரி வருதா? ஆட்சேபனையில இதைக் கேளுங்க

குடியிருப்பை ஒட்டி காலியா கிடக்குற நிலத்தை தொழிற்சாலைப் பகுதியா மாத்தப் போறாங்க, பெயிண்ட் ஆலை வருதாம், கம்பெனிக்காரங்க புகையே வராதுங்குறாங்க, கருத்துக் கேட்புக் கூட்டத்துல என்ன பேசறதுன்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

அன்னிக்கு கவுன்சில் முடிவு பண்றது கம்பெனியைப் பத்தி இல்லைங்க, நிலத்தைப் பத்தி. வகைப்பாடு ஒருதடவ மாறிட்டா அந்த கம்பெனி வித்துட்டுப் போனாலும் நிலம் அப்படியேதான் இருக்கும், அந்த வகையில அனுமதி இருக்குற வேற எந்த ஆலையும் நாளைக்கு வந்து உக்காரலாம். அதனால முதல்ல அந்த வகையில என்னென்ன தொழிலுக்கு அனுமதின்னு இருக்குற பட்டியலை வாங்கிப் படிங்க.

அடுத்து சால்வென்ட், அதாவது பெயிண்டைக் கரைக்க ஊத்துற, சட்டுனு தீப்பிடிக்கிற திரவம். பெயிண்ட் ஆலைல புகையை விட எனக்கு பயம் இதுதான், ஏன்னா அதோட ஆவி காத்தை விட கனம், தரையோட தரையா பள்ளத்தைப் பாத்து ஓடி எங்கயோ இருக்குற ஒரு நெருப்புப் பொறியைப் போய்ப் பிடிக்கும். ஒரே நேரத்துல எத்தனை லிட்டர் ஸ்டாக் இருக்கும், டேங்கைச் சுத்தி தடுப்புச் சுவர் உண்டா, தீயணைக்க அடிக்கிற தண்ணி எங்க போகும்னு கேளுங்க. 1986ல சுவிட்சர்லாந்து பேசல் பக்கத்துல சாண்டோஸ்ங்குற கம்பெனியோட ரசாயனக் கிடங்கு எரிஞ்சப்போ தீயணைச்ச தண்ணிதான் ரசாயனத்தை அடிச்சுக்கிட்டு ரைன் ஆத்துல கலந்துச்சு, ஆறு சிவப்பாச்சு, மீனெல்லாம் செத்து மிதந்துச்சு. சைட் பிளான்ல மழைநீர் வடிகால் கோட்டை விரல் வச்சு கடைசி வரைக்கும் பாருங்க, வெளிய போற இடத்துல அடைக்கிற வால்வு இருக்கான்னும் பாருங்க.

ஆலைக்கும் வீடுகளுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியையும் விட்றாதீங்க. அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல வெஸ்ட்ங்குற ஊர்ல உரக் கிடங்குதான் முதல்ல இருந்துச்சு, பள்ளிக்கூடமும் முதியோர் இல்லமும் பின்னாடிதான் அதுக்குப் பக்கத்துல வந்துச்சு, 2013ல அம்மோனியம் நைட்ரேட் வெடிச்சு 15 பேர் செத்துப் போயிட்டாங்க. அதனால நடுவுல விடுற பஃபர் நிலத்துல பின்னாடி யாரும் வீடு கட்டக் கூடாதுன்னும் கேக்கணும்.

"அதெல்லாம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிங்க பாத்துப்பாங்க"ன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அவங்க பெரும்பாலும் எவ்வளவு கழிவு வெளிய போகுதுன்னுதான் அளப்பாங்க, இந்த இடத்துல இது இருக்கலாமாங்குறது கவுன்சில் வேலை.

மேடைல குடுக்குற வாக்கை நம்பி வந்துடாதீங்க. ஸ்டாக் வரம்பு, இடைவெளி, வால்வு எல்லாத்தையும் தீர்மானத்துலயே நிபந்தனையா எழுதச் சொல்லி, கடைசி தேதிக்கு முன்னாடி எழுத்துல குடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கையில வாங்கிக்கோங்க.