ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு மாலை உணவு

வணக்கம். நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸில் ஒரே மாலையில் புதிய உணவுகளைச் சுவைக்க விரும்புவதாகவும், மாட்டிறைச்சி உண்ணாத மாமனாரும் காரம் தாங்காத மகளும் உடன் வருவதால் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயக்கமின்றிப் போய்வரலாம்.

7-ஆம் எண் ரயிலில் வந்து 74-ஆவது தெரு நிலையத்தில் இறங்கி, திபெத்தியக் கடைகளிலிருந்து தொடங்குங்கள். அங்கு மோமோ எனும் ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிப் பூரணம்தான் என்பதால், உருளைக்கிழங்கு மோமோ உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தென்துக் எனும் நூடுல்ஸ் சூப்பின் சாறு மாட்டெலும்பில் காய்ச்சியதா என்பதையும் விசாரிக்க வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் லாபிங் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். பச்சைப்பயற்றின் மாவுச்சத்தைக் காய்ச்சி உறையவைத்து, வழுவழுப்பான நாடாக்களாகச் சீவி, மிளகாய் எண்ணெயும் பூண்டும் காடியும் சேர்த்துத் தருவார்கள். நாக்கில் முதலில் குளிர்ச்சிதான் தெரியும், காரம் சற்றுப் பொறுத்தே ஏறும்.

மகளுக்கு, தலைக்கு மேல் ரயில் ஓடும் ரூஸ்வெல்ட் அவென்யூவில் உள்ள கொலம்பிய அடுமனைகளில் பான்தெபோனோ வாங்கிக் கொடுங்கள். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த ரொட்டி அது, காரமே இராது. சூடாக இருக்கும்போதே பிட்டுக் கொடுங்கள், ஆறினால் இறுகிவிடும். எந்தக் கடையிலும் ஒரு தட்டுக்கு மேல் வாங்காமல் பகிர்ந்து உண்டால், நான்கைந்து கடைகளுக்கு வயிற்றில் இடமிருக்கும்.