மனநல மருத்துவம் படிக்கும் பேத்திக்குப் பழைய புத்தகக் கட்டு வாங்கலாமா?

கேள்வி: மகள் வயிற்றுப் பேத்தி எம்.டி. மனநல மருத்துவத்தில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குப் புத்தகம் வாங்கித்தர ஆசை. பழைய புத்தக வியாபாரி ஒருவர் ஏழு புத்தகங்களைக் கட்டாக 6,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். டி.எஸ்.எம். நான்காம் பதிப்பு, காப்லான்-சாடாக் பழைய பதிப்பு, ஃபிஷ் என்ற மெல்லிய நூல் எல்லாம் அதில் உண்டு. பில் போட்டால் வரி சேரும் என்கிறார். வாங்கலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: கட்டாக வேண்டாம், ஆச்சி. உங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பெட்டகத்துக்கும் பீங்கானுக்கும் வயது ஏறினால் விலை ஏறும். மருத்துவப் புத்தகத்தில் எது கெடும், எது கெடாது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கெடுவது நோய்ப் பட்டியல். டி.எஸ்.எம். என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் மனநோய்ப் பட்டியல். நான்காம் பதிப்பு வந்தது 1994-ல். 2013-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது மனச்சிதைவின் உட்பிரிவுகளையே எடுத்துவிட்டார்கள். பேத்தி பழையதைப் படித்தால், மறக்க வேண்டியதை மனப்பாடம் செய்தவளாவாள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 மனநோய் விளக்க நூலை 2024 முதல் இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

காப்லான்-சாடாக் சுருக்க நூல் செங்கல் கனம், நல்ல நூல்தான். ஆனால் பழைய பதிப்பில் மருந்துப் பகுதி பின்தங்கியிருக்கும். கல்லூரி நூலகத்தில் எடுத்துப் படிக்கட்டும். கட்டில் நம் நாட்டு நூல் இருந்தால் சட்டப் பகுதியைப் புரட்டுங்கள். 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்துக்கு நீரஜ் அஹுஜாவின் சிறு பாடநூல் போதும். எம்.பி.பி.எஸ். காலத்திலேயே வாங்கியிருக்கக்கூடும், பேத்தியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கெடாதது ஃபிஷ் என்ற அந்த மெல்லிய நூல். "என் காதில் குரல் கேட்கிறது", "பக்கத்து வீட்டார் என் நினைப்பைத் திருடுகிறார்கள்" என்று நோயாளி சொல்லும்போது, அது எந்த நோய்க்குறி என்று பிரித்தறியக் கற்றுத்தருகிறது. ஃபிஷ் அதை எழுதியது 1967-ல். பின்வந்தவர்கள் திருத்திய பதிப்புகளும் உண்டு. பட்டியல்கள் எத்தனை முறை மாறினாலும் நோயாளி பேசுவது மாறவில்லையே! முதலாண்டு மாணவிக்கு நான் கைக்காசு போட்டு வாங்கித் தருவதென்றால் இதைத்தான் வாங்குவேன்.

வரி என்று அவர் சொல்வது வெறும் சாக்கு. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில் இல்லாவிட்டால், நாளைக்குப் பக்கம் குறைந்தாலோ, நகலெடுத்துத் தைத்த திருட்டுப் பதிப்பாக இருந்தாலோ, வாங்கியதை நிரூபிப்பது பெரும்பாடு. பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்; சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை.

ஃபிஷ் நூலை மட்டும் தனியாக, பில்லோடு கேட்டுப் பாருங்கள். கட்டைப் பிரிக்க மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், புதிதாகவே கிடைக்கிறது.