ரிஷிகேஷ் ராஃப்டிங் (கங்கையின் வேகநீரில் ரப்பர் படகுப் பயணம்): நீச்சல் தெரியாதவரும் பழகியவரும் ஒரே குழுவாகப் போகலாமா?

போகலாம். ஆனால் குழுவில் மிகவும் பயப்படுபவர் யாரோ, அவருக்கு ஏற்ற இடத்தில் படகை இறக்குங்கள். முதல் நாள் பிரம்மபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 9 கிலோமீட்டர். தெம்பு வந்தால் மறுநாள் சிவபுரியிலிருந்து 16. கௌடியாலாவுக்குக் கீழே 'தி வால்' என்ற ரேபிட் (பாறைகளுக்கிடையே ஆறு சீறிப் பாயும் இடம்) இருக்கிறது; கடினத்தில் நான்காம் நிலை. அது பழகியவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் அன்று கரையிலேயே இருக்கட்டும். ஜூலை, ஆகஸ்ட் மழைவெள்ளத்தில் யாருக்குமே அனுமதி கிடையாது.

லைஃப் ஜாக்கெட்டின் தோள்வாரைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது இறுகவில்லை என்று அர்த்தம். இதை ஒவ்வொருவருக்கும் நீங்களே பாருங்கள். அப்புறம், தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறையிடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும்.