பொன்னுக்கு வீங்கி: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

பாலக்கோடு: ஆறு வயது மகளுக்குக் காதடியில் வீங்கியிருக்கிறது. பாட்டி தங்கச் சங்கிலி போட்டுவிட்டார். நாளை பள்ளிக்கு அனுப்பலாமா?

சங்கிலி கிடந்துவிட்டுப் போகட்டும், கெடுதல் இல்லை. ஆனால் வீக்கம் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே வடியும். இது வைரஸ், ஆன்டிபயாடிக் கேட்காது. வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் பள்ளி வேண்டாம். டம்ளர், தட்டு தனியாக இருக்கட்டும். எச்சிலிலும் இருமலிலும் பரவும் கிருமி, வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு 16 முதல் 18 நாள் கழித்து வீங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். சிலருக்கு 25 நாள் வரைகூட ஆகும்.

காவேரிப்பட்டணம்: அரசு ஊசி ஒன்றுவிடாமல் போட்டோம். அப்புறமும் பையனுக்கு எப்படி வந்தது?

அட்டையைப் பாருங்கள், 'எம்.ஆர்.' என்றிருக்கும். அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுவது எம்.எம்.ஆர். அதைத் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயதுக்குள் என மூன்று தவணையை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. அரசு அட்டவணையிலும் இது வர வேண்டும் என்பது என் கட்சி. ஊசி போட்டவருக்கும் சில நேரம் வரும், ஆனால் லேசாகப் போய்விடும்.

ஓசூர், வயது 24: ஹாஸ்டலில் இருக்கிறேன். கன்னம் வீங்கி ஐந்தாம் நாள் ஒரு விரையில் வீக்கம், கடும் வலி. ஆண்மை போய்விடுமா?

போகாது. தடுப்பூசி போடாத, பருவம் வந்த ஆண்களில் 100க்கு 30 பேர் வரை இப்படி ஆகலாம். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். அந்த விரை பிறகு கொஞ்சம் சுருங்கலாம். இரண்டு பக்கமும் பாதித்தால் விந்தணு குறையக்கூடும், ஆனாலும் குழந்தையே பிறக்காமல் போவது அபூர்வம். இருந்தாலும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். விரை முறுக்கிக்கொண்டாலும் இதே வலிதான் வரும், அதற்குச் சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தேவை. முறுக்கு இல்லை என்று தெரிந்த பிறகு ஓய்வு, இறுக்கமான ஜட்டி, குளிர் ஒத்தடம், பாராசிட்டமால் போதும். லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் 'பரம்பரை வைத்தியர்' பக்கம் போய்விடாதீர்கள்.

அரூர்: களி கொடுக்கலாமா?

தாராளமாக. மெல்லாமல் விழுங்கும்படி இளக்கிக் கொடுங்கள். புளிக்குழம்பு, ஊறுகாய், மாங்காய் வேண்டாம். புளிப்பு பட்டதும் எச்சில் சுரக்கும், வலி உயிர் போகும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

ஊத்தங்கரை: ஒரு பக்கம் வடிந்து மறுபக்கம் வீங்குகிறது. இரண்டாம் முறையா?

இல்லை, அதே நோய்தான்.

கடத்தூர்: மகனுக்கு வீக்கம் குறைகிறது, ஆனால் தலைவலியும் வாந்தியும் நிற்கவில்லை.

தள்ளிப்போடாதீர்கள், இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மூளையுறையில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தை மடக்க முடியாவிட்டால் இன்னும் அவசரம். மேல்வயிற்றில் கடும் வலி என்றாலும் காட்டுங்கள், கணையம் பாதித்திருக்கலாம். குணமான பிறகு போனை ஒவ்வொரு காதிலும் வைத்துப் பேசச் சொல்லிப் பாருங்கள். அபூர்வமாக ஒரு காது கேட்காமல் போவதுண்டு, பிள்ளைகள் அதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.