பதில்: சாஸ்கடூனிலிருந்து வந்த சிவப்புக் கல் கழுவியதும் கரைகிறது

கனடாவின் சாஸ்கடூனிலிருந்து வந்த கல் கழுவியதும் கரைகிறதே, போலியா என்று கேட்டிருந்தீர்கள். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. குழாயடியில் கழுவியபோது கல் சிறுத்து, கை பிசுபிசுத்தது என்கிறீர்களே, அதுவே அத்தாட்சி. அது பொட்டாஷ் தாது, அதாவது பொட்டாசியம் உப்பும் சாதா உப்பும் கலந்த கல். சாஸ்கடூன் பக்கம் புல்வெளிக்குக் கீழே ஏறத்தாழ 1 கிலோமீட்டர் ஆழத்தில் வெட்டுகிறார்கள். அந்த அடுக்கின் பெயர் பிரெய்ரி எவாபொரைட்.

டெவோனியன் காலத்தில், சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது. வடமேற்கே வளர்ந்த பவளப் பாறைத் திட்டுகள் புதுக் கடல்நீர் வரத்தைக் குறைத்துவிட, வெயிலில் கடல் வற்றிக்கொண்டே போனது. நம்ம ஊர் உப்பளப் பாத்தி மாதிரிதான். ஆனால் படிந்த உப்பு சில இடங்களில் 200 மீட்டர் தடிமன்! சாப்பாட்டு உப்பு முதலில் படியும். பொட்டாசியம் உப்பு கடைசிவரை கரைசலிலேயே இருக்கும், அதனால்தான் பொட்டாஷ் படுகைகள் மேல்பகுதியில் கிடக்கின்றன. சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு தந்தது.

கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் சாதா உப்பு. சற்று மழமழவென்று இழுபட்டால் சில்வைட், அதாவது அந்தப் பொட்டாசியம் உப்பு. நாக்கில் வைத்தால் சில்வைட் கசக்கும் என்பார்கள், ஆனால் கை மாறி வந்த கல்லை நக்க வேண்டாம்.

இந்தத் தாதுவுக்குத் தண்ணீர்தான் எமன். அதே மாகாணத்தில் உள்ள எஸ்டர்ஹேசி பொட்டாஷ் சுரங்கத்தில் 1962-இல் உற்பத்தி தொடங்குமுன், நீர் நிறைந்த மணல் அடுக்கை உறையவைத்துத்தான் சுரங்கக் குழி இறக்கினார்கள். நீங்கள் துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் ஷோகேஸில் வேண்டாம்.